அம்பு பெட்டி மேல கொண்டுபோய் விடாது

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல ஜியோகேச்சிங் பத்தி, அதான் யாரோ ஒளிச்சு வச்ச பெட்டிய ஜிபிஎஸ் வச்சுத் தேடிக் கண்டுபிடிக்கிற விளையாட்டு பத்தி, ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, ரொம்ப சந்தோஷம், நம்ம மொழியில இதப் பத்தி இவ்ளோ பெருசா வந்து நான் பார்த்ததே இல்ல, ரெண்டு தடவ படிச்சேன். பதினோரு வருஷமா கையடக்க ஜிபிஎஸ்ஸ வச்சுக்கிட்டு பெட்டி தேடி அலையுற ஆளு நான். ஆனா கட்டுரையோட கடைசி பத்தில ஒரு வரி இருந்துச்சு, "விலை அதிகமான நல்ல கருவி வாங்கினா அது நேரா பெட்டி மேலயே கொண்டுபோய் நிறுத்திடும்"னு. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். ஏன்னா இதையே நம்பி வாங்கி, முதல் ரெண்டு வாரத்துலயே "செட்டு சரியில்ல"ன்னு அலமாரில தூக்கிப் போட்டவங்கள எனக்கே நாலஞ்சு பேரத் தெரியும், அவங்க யாரோட செட்டுலயும் எந்தக் குறையும் இல்ல, அதான் மனசு கேக்கல.

எந்த ஜிபிஎஸ்ஸும் ஒரு புள்ளியக் காட்டாதுங்க. ஒரு வட்டத்தக் காட்டும். திறந்த வெளில நல்லா வானம் தெரியுற இடத்துல அந்த வட்டம் மூணு மீட்டரோ அஞ்சு மீட்டரோ இருக்கும், அடர்ந்த மரத்துக்கு அடியில பத்துக்கு மேல போகும், பாறைச் சுவரு பக்கத்துல இன்னும் மோசமாகும். பெட்டிய ஒளிச்சு வச்சவரும் இதே மாதிரி ஒரு செட்ட வச்சுத்தான் கோஆர்டினேட், அதாவது அந்த இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகை நம்பர், எடுத்திருப்பார், அவருக்கும் அதே வட்டம் உண்டு. அவர் அஞ்சு மீட்டர் ஒரு பக்கம் தப்பி, நம்ம செட்டு அஞ்சு மீட்டர் இன்னொரு பக்கம் தப்பினா பத்து மீட்டர் ஆச்சு. ஸ்கிரீன்ல "துல்லியம் 3 மீட்டர்"னு வர்ற நம்பர் கூட செட்டு தானா போடுற ஒரு கணிப்புதான், சத்தியம் பண்ணித் தர்ற வாக்கு இல்ல.

இந்த விளையாட்டு பொறந்ததே அந்த வட்டம் சுருங்கினதாலதான். 2000 மே மாசம் ஆரம்பம் வரைக்கும் அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்குப் போற சிக்னல வேணும்னே கெடுத்துதான் அனுப்பிச்சு, நூறு மீட்டர் வரைக்கும் தப்பு வரும். மே 2ஆம் தேதி அத நிறுத்தினாங்க, அடுத்த நாளே, மே 3, டேவ் அல்மர்ங்கிறவரு ஓரிகன் மாநிலத்துல பீவர்கிரீக் ஊருக்குப் பக்கத்துல ஒரு கருப்பு பிளாஸ்டிக் வாளிய மறைச்சு வச்சு அதோட கோஆர்டினேட்ட இன்டர்நெட்ல போட்டாரு, மைக் டீக்ங்கிறவரு முதல்ல போய் கண்டுபிடிச்சாரு. நூறு மீட்டர் தப்பு இருந்த காலத்துல அந்த வாளியத் தேடியிருந்தா அரைக் காட்டையே சலிச்சிருக்கணும். இந்தக் கதைய உங்க கட்டுரையிலயும் அழகா சொல்லியிருந்தீங்க. அதுல அச்சான நம்பர்ல ஒரு தப்பு இருக்கு, அத கடைசில சொல்றேன்.

இப்ப வாங்குறதப் பத்தி. முதல்ல ஒண்ணு நேர்மையா சொல்லிடறேன், புதுசா ஆரம்பிக்கிறவங்க செட்டு வாங்கவே வேணாம், கையில இருக்குற போன்லயே முதல் இருபது முப்பது பெட்டி தேடுங்க. இப்ப வர்ற போன்ல ஜிபிஎஸ்ஸோட சேர்த்து ரஷ்யாவோட குளோனாஸ், ஐரோப்பாவோட கலிலியோ, சீனாவோட பெய்டோ எல்லாத்தையும் பிடிக்குது, திறந்த வெளில தனி செட்டுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. தனி செட்டு ஜெயிக்கிறது வேற இடத்துல. நடு மத்தியானம் வெயில்ல ஸ்கிரீன் தெரியணும், மழையில விரல் நழுவினாலும் பட்டன் வேலை செய்யணும், பாறையில விழுந்தா எடுத்துத் தொடச்சிட்டு நடக்கணும், சாயங்காலம் ஆறு மணிக்கு காட்டுக்குள்ள சார்ஜ் போச்சுன்னா ரெண்டு பேட்டரி மாத்திப் போட்டா உயிர் வரணும். இந்த நாலும் உங்களுக்கு வேணும்னு தோணுறப்ப வாங்குங்க. அதுக்கு முன்னாடி வாங்கினா எத வச்சு செலக்ட் பண்றதுன்னே தெரியாது, கடைக்காரர் காட்டுற பெரிய கலர் ஸ்கிரீனப் பார்த்து வாங்கிட்டு வருவீங்க.

நான் முதல்ல பாக்கச் சொல்றது காம்பஸ்தான். மெமரி, கேமரா, மேப் எல்லாம் அப்புறம். மூணு அச்சு எலக்ட்ரானிக் காம்பஸ் இருக்கா இல்லையான்னு பாருங்க, ஒரே சீரிஸ்ல ரெண்டு மாடல் பக்கத்து பக்கத்துல இருக்கும், ஒண்ணுல இருக்கும் இன்னொண்ணுல இருக்காது. கார்மின் கம்பெனியோட ஈட்ரெக்ஸ் 22எக்ஸ்ல கிடையாது, 32எக்ஸ்ல உண்டு, வெளியில பார்த்தா ரெண்டும் ஒரே ஜாடை. காம்பஸ் இல்லாத செட்டுக்கு நீங்க எந்தப் பக்கம் பார்த்து நிக்கறீங்கன்னு தெரியாது, நீங்க நடந்தா மட்டும்தான் ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குப் போனத வச்சு திசைய கணக்குப் பண்ணும், நின்னுட்டா ஸ்கிரீன்ல பெட்டி இருக்குற பக்கத்தக் காட்டுற அம்பு தன் பாட்டுக்குச் சுத்தும். பெட்டி தேடுறவன் கடைசி இருபது மீட்டர்ல நிக்கிறதும் திரும்புறதுமாத்தான் இருப்பான், அங்கதான் இந்த வித்தியாசம் உறைக்கும். மூணு அச்சு ஏன்னா பழைய ரெண்டு அச்சு காம்பஸ்ஸ தட்டு மாதிரி மட்டமா பிடிக்கணும், கொஞ்சம் சாஞ்சாலும் பொய் சொல்லும்.

அடுத்தது ஆன்டெனா. சில செட்டுல தலையில குட்டையா ஒரு கொம்பு நீட்டிக்கிட்டு இருக்கும், உள்ள சுருள் ஆன்டெனா, அத நிமிர்த்திப் பிடிக்கணும். கொம்பு இல்லாம தட்டையா இருக்குறதுல பெரும்பாலும் உள்ள ஒரு சின்ன சதுரத் தட்டு, அத முகம் வானத்தப் பார்க்க மட்டமா பிடிக்கணும். நிறைய பேரு இத மாத்திப் பிடிச்சுக்கிட்டு சிக்னல் வரலம்பாங்க. பேன்ட் பாக்கெட்லயோ இடுப்புலயோ மாட்டிக்கிட்டா நம்ம உடம்பே பாதி வானத்த மறைச்சிடும், உடம்புல இருக்குற தண்ணி அந்த சிக்னல குடிச்சிடும், ஈர இலையும் அதே வேலையத்தான் செய்யும். பையோட தோள் பட்டையில மேல மாட்டுங்க, கையில எடுக்காம இருக்கும்போது கூட செட்டுக்கு வானம் தெரியணும்.

இப்ப ரெண்டு அலைவரிசை பிடிக்கிற செட்டெல்லாம் வந்துடுச்சு, எல்1ன்னு பழைய 1575.42 மெகாஹெர்ட்ஸோட எல்5ன்னு 1176.45 மெகாஹெர்ட்ஸும் சேர்த்துப் பிடிக்கும், கார்மின் ஜிபிஎஸ்மேப் 65 அந்த வகை. பாறைச் சுவருல மோதித் திரும்பி வர்ற சிக்னலத்தான் சாதாரண செட்டு நம்பி ஏமாறும், எல்5 இருந்தா நேரா வந்தது எது, மோதி வந்தது எதுன்னு பிரிச்சுப் பாக்க வசதி. மலையிடுக்கு, உயரமான கட்டடம்னு நிறைய போறவங்களுக்கு அது உபயோகம், மத்தவங்களுக்கு அவசியம்னு சொல்ல மாட்டேன்.

பேட்டரி விஷயத்துல நான் கொஞ்சம் பிடிவாதக்காரன், டபுள் ஏ போடுற செட்டுதான் எனக்கு வேணும். ரெண்டு போட்டா ஈட்ரெக்ஸ் மாதிரி செட்டு 25 மணி நேரம் வரைக்கும் ஓடும்னு போட்டிருப்பாங்க, வெளிச்சத்தக் கூட்டி வச்சு காம்பஸ்ஸயும் போட்டு வச்சா குறையும், எப்படியும் ஒரு நாளுக்கு தாராளம். ரீசார்ஜ் பண்ற நிக்கல் பேட்டரி போட்டா மெனுக்குள்ள போய் பேட்டரி டைப்ப மாத்திடுங்க, அது 1.2 வோல்ட், சாதாரண ஆல்கலைன் 1.5, மாத்தலன்னா மீட்டர் பாதியிலயே காலின்னு கத்தும். மாசக்கணக்குல உபயோகிக்கலன்னா பேட்டரிய கழட்டி வைங்க. ஆல்கலைன் கசிஞ்சு உள்ள இருக்குற ஸ்பிரிங்க பச்சை பூத்து தின்னுடும், நானே ஒரு நல்ல செட்ட அப்படித்தான் பறிகொடுத்தேன்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவங்க இன்னொண்ணும் கவனிக்கணும், ஜிபிஎஸ் சிக்னல்ல வாரக் கணக்கு 1023 வரைக்கும் போய் மறுபடி சைபர்லேர்ந்து ஆரம்பிக்கும், கடைசியா 2019 ஏப்ரல் 6 ராத்திரி அப்படி ஆச்சு. அதுக்கப்புறம் சாஃப்ட்வேர் அப்டேட் ஆகாத பழைய செட்டு பத்தொம்பது வருஷத்துக்கு மேல பின்னாடி தேதியக் காட்டும். இடம் பெரும்பாலும் சரியாத்தான் வரும், ஆனா ஆன் பண்ணிப் பார்த்து தேதி தப்பா இருந்தா அந்த மாடலுக்கு அப்டேட் இருக்கான்னு கேட்டுட்டு அப்புறம் காசு குடுங்க.

சரி, கையில செட்டு வந்தாச்சு. மாசக்கணக்கா தூங்கின செட்ட ஆன் பண்ண உடனே அம்பு பின்னாடி ஓடாதீங்க. எந்தெந்த சேட்டிலைட் எங்க இருக்குங்கிற முழு அட்டவணை சிக்னல் வழியா வந்து சேர பன்னிரண்டரை நிமிஷம் ஆகும், திறந்த இடத்துல கல்லு மேல வச்சுட்டு ஷூ லேஸ கட்டுங்க, தண்ணி பாட்டில எடுத்து வைங்க. வண்டி நிறுத்தின இடத்த முதல் வேலையா மார்க் பண்ணுங்க, பெட்டி கிடைக்கலன்னா நாளைக்கு வரலாம், இருட்டுல வண்டி கிடைக்கலன்னா கஷ்டம். வீட்டுலயே ஜிபிஎக்ஸ் ஃபைல, அதாவது பெட்டியோட தகவல் இருக்குற ஃபைல, செட்டுல ஏத்திட்டுப் போனா விவரம், க்ளூ, முன்னாடி வந்தவங்க எழுதினது எல்லாம் செட்டுலயே இருக்கும், மொபைல் டவர் இல்லாத இடத்துல அதுதான் துணை. கூடவே ஒரு நல்ல மேப்பும் வேணும், ஏன்னா அம்பு காக்கா பறக்குற நேர்கோட்டத்தான் சொல்லும், "இன்னும் 300 மீட்டர்"னு அது சொல்றப்ப நடுவுல ஒரு பள்ளத்தாக்கு இருக்குறது அதுக்குத் தெரியாது. பாதைய விட்டு அம்பு பின்னாடி முள்ளுக்குள்ள இறங்கினவங்க எத்தனையோ பேரு. முக்காவாசி பெட்டிக்கு நடந்து தேய்ஞ்ச பாதை ஒண்ணு பக்கத்துல வரைக்கும் போகும், தூரம் கூடினாலும் அந்தப் பாதையிலயே போங்க.

போன வருஷம் நடந்தது ஒண்ணு சொல்லணும். ஒரு பாறைச் சரிவுல சின்ன பெட்டி, நானும் என் பொண்ணும் போயிருந்தோம். பெட்டிக்கு 200 மீட்டர் இருக்குறப்ப பேட்டரி தீர்ந்துச்சு, மாத்திப் போட்டேன், நடந்தோம், கிட்ட போய் நின்னா அம்பு இடது பக்கம் ஒரு பெரிய பாறையக் காட்டுது. அந்தப் பாறைய சுத்தி அடி இடுக்கு ஒண்ணு விடாம கை விட்டுப் பார்த்தோம், முக்கால் மணி நேரம் ஆச்சு, எனக்கு முட்டி ரெண்டும் சிராய்ச்சிடுச்சு. அப்பதான் பொண்ணு சொன்னா, "அப்பா, நடக்குறப்ப அம்பு நேரா காட்டுது, நின்ன உடனே இடது பக்கம் திரும்பிக்குது, கவனிச்சியா?" எனக்கு அப்பதான் புத்தில பட்டுச்சு. நடக்குறப்ப செட்டு நம்ம நடையிலேர்ந்து திசைய எடுக்கும், வேகம் குறைஞ்சு நின்னதும் காந்தக் காம்பஸ்ஸுக்கு மாறிடும். பேட்டரிக்கும் ஒரு காந்த குணம் உண்டு, அத மாத்தினா காம்பஸ்ஸ திருப்பியும் கேலிப்ரேட் பண்ணணும், அதாவது திசைய மறுபடி சரி பண்ணி விடணும், நான் பண்ணல. பாறைய விட்டுத் தள்ளி வந்து, ஸ்கிரீன் சொன்ன மாதிரி செட்ட மூணு பக்கமும் மெதுவா உருட்டினேன், ரெண்டு நிமிஷம் கூட ஆகல. அம்பு நாப்பது டிகிரி போல வலது பக்கம் நகர்ந்துச்சு. அங்க மூணு கல்லு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருந்துச்சு, நடுக்கல்ல பொண்ணு தூக்கினா, பழைய ஃபிலிம் டப்பா, உள்ள கண்டுபிடிச்சவங்க பேர் எழுதுறதுக்கு சுருட்டி வச்ச பேப்பர், ஓரத்துல லேசா ஈரம். எங்க பேர எழுதறப்ப பென்சில் முனை பேப்பர்ல இறங்கிடுச்சு, அவ ஊதி ஊதி காய வச்சு மூடினா.

அன்னிக்கு செட்டு மேல ஒரு தப்பும் கிடையாது, ஆனா கூட வேற யாராவது வந்திருந்தா "உன் செட்டு வேஸ்ட்டு"ன்னுதான் சொல்லியிருப்பாங்க. பேட்டரி மாத்தினா கேலிப்ரேட் பண்ணணும், காருக்குள்ள, இரும்புக் கேட்டு பக்கத்துல அத பண்ணக் கூடாது, போனோட காந்த மூடி இருக்குற அதே பாக்கெட்ல செட்ட வைக்கக் கூடாது, இத மட்டும் வாசகர்களுக்கு சொன்னீங்கன்னாலே பாதி பேரோட செட்டு சரியாகிடும்.

கடைசி பத்து மீட்டர்ல அம்ப விட்டுடணும். வட்டத்துக்குள்ள வந்தாச்சுன்னா அம்பு சுத்தத்தான் செய்யும், அத துரத்துறவங்க ஒரே இடத்துல எட்டு போட்டுக்கிட்டு இருப்பாங்க. நான் செய்யுறது என்னன்னா, முப்பது மீட்டர் முன்னாடியே நின்னு ஒரு நிமிஷம் செட்ட அடங்க விடுவேன், அம்பு காட்டுற கோட்டுல ஒரு மரத்தயோ கல்லயோ குறி வச்சுக்குவேன். அப்புறம் பக்கவாட்டுல இன்னொரு முப்பது மீட்டர் சுத்திப் போய் அதே மாதிரி இன்னொரு கோடு. ரெண்டும் வெட்டிக்கிற இடத்துல செட்ட கீழ வச்சுட்டு கண்ணால தேடுவேன். நானா இருந்தா எங்க ஒளிப்பேன்னு யோசிப்பேன். இயற்கையா விழாத மாதிரி அடுக்கின குச்சி, பாசி தேய்ஞ்ச கல்லு, மத்த இடத்த விட அதிகமா மிதிபட்ட மண்ணு, இதெல்லாம் எந்த சேட்டிலைட்டும் சொல்லாது.

ஒளிச்சு வைக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள், இத நீங்க பெரிய எழுத்துல போட்டாலும் தப்பில்ல. ஒரே ஒரு தடவ பட்டன அழுத்தி கோஆர்டினேட் எடுக்காதீங்க. சேட்டிலைட் எல்லாம் 20,200 கிலோமீட்டர் உயரத்துல ஒரு நாளைக்கு ரெண்டு சுத்து சுத்திக்கிட்டே இருக்கு, இப்ப இருக்குற அமைப்பு ரெண்டு மணி நேரம் கழிச்சு இருக்காது, அதனால தப்பும் வேற பக்கம் சாயும். நிறைய செட்டுல சராசரி எடுக்குற வசதி இருக்கு, கார்மின் கையேட்டுலயே நாலுலேர்ந்து எட்டு தடவ, நடுவுல குறைஞ்சது 90 நிமிஷம் விட்டு எடுங்கன்னு போட்டிருக்காங்க. வேற வேற நாள்ல போய் எடுத்தா இன்னும் நல்லது. எடுத்து முடிச்சதும் நாலு திசையிலேர்ந்தும் உங்க நம்பர நீங்களே தேடிக்கிட்டு வந்து பாருங்க. தேடி வர்றவங்க சின்னப் பசங்களா இருக்கலாம், உங்க பதினஞ்சு மீட்டர் சோம்பேறித்தனத்துக்கு அவங்க ஒரு சாயங்காலத்தயே இழந்துட்டுப் போவாங்க, வர்ற ஒவ்வொருத்தரும் தேவையில்லாம செடிய மிதிச்சு புதரப் பிரிச்சு அந்த இடமே நாசமாகும்.

இப்ப அந்த நம்பர் விஷயம். முதல் வாளி இருந்த இடம் வடக்கு 45° 17.460', மேற்கு 122° 24.800'. ஜியோகேச்சிங்ல எல்லாமே இப்படி டிகிரியும், புள்ளி வச்ச நிமிஷமுமாத்தான் எழுதுவாங்க, இங்க நிமிஷம்னா ஒரு டிகிரில அறுபதுல ஒரு பங்கு. நீங்க அச்சடிச்சது 45.17460. பாக்க ஒரே மாதிரி இருக்கு, ஆனா 17.460 நிமிஷத்த அறுபதால வகுத்தா 0.291, அதனால டிகிரில எழுதணும்னா 45.29100ன்னு வரணும். 45.17460ன்னு செட்டுல அடிச்சவங்க அந்த ஒரு தப்புலயே கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் தெற்க போய் நிப்பாங்க, மேற்கு நம்பரையும் அப்படியே அடிச்சா இன்னும் தள்ளிப் போவாங்க. புதுசா வர்றவங்க பண்ற முதல் தப்பே இதுதான், செட்டு மெனுல பொசிஷன் ஃபார்மட்டுனு இருக்கும், அத டிகிரி-நிமிஷத்துக்கு மாத்தி, மேப் டேட்டம், அதாவது நம்பர எந்த பூமி அளவுகோல்ல கணக்குப் பண்றதுங்கிறது, டபிள்யூஜிஎஸ் 84ஆ இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம்தான் நம்பர அடிக்கணும். மூணாவது தசம இடத்துல ஒரு நம்பர் மாறினா வடக்கு தெற்கா 1.85 மீட்டர்தான் நகரும், புள்ளி இடம் மாறினா ஊரே மாறிடும்.

அடுத்த வாரம் திருத்தம் போடுவீங்கன்னு நம்புறேன். போடுறப்ப அந்த டிகிரி குறியும் நிமிஷக் குறியும் அச்சுல விழுந்திருக்கான்னு ஒரு தடவ பார்த்துடுங்க, டைப் பண்றப்ப அது ரெண்டும்தான் முதல்ல காணாம போகும்.

இப்படிக்கு,
உங்க பேப்பரோட நெடுநாள் வாசகன்